ஓரியனிலிருந்து எறியப்பட்ட இரண்டு விண்மீன்கள்: ஒரு நிகழ்வு ஆய்வு

ஆரிகா விண்மீன் கூட்டத்தில் ஏஇ ஆரிகே என்றொரு விண்மீன் இருக்கிறது. கொலம்பா கூட்டத்தில் மியூ கொலம்பே என்று இன்னொன்று. ஒன்று வடக்கே, மற்றது தெற்கே. வானத்தில் இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ 67 பாகை இடைவெளி. இரண்டும் மங்கலானவை. ஏஇ ஆரிகேயை நல்ல இருட்டான ஊரிலிருந்துகூடச் சிரமப்பட்டுத்தான் வெறுங்கண்ணால் பார்க்க முடியும். பார்த்தாலும் இவை இரண்டையும் சேர்த்துப் பேச ஒரு காரணமும் தோன்றாது.

நிறமாலையை எடுத்துப் பார்த்தால் தோன்றும். இரண்டும் ஏறத்தாழ ஒரே ரகம்: சூரியனைப் போல 15 மடங்குக்கு மேல் நிறை, 30,000 கெல்வினைத் தாண்டிய மேற்பரப்பு, விண்மீன்களிலேயே மிகச் சூடான ஓ வகையின் கடைசிப் படி. இந்த ரக விண்மீன்கள் வெகு அரிது. அதைவிட விசித்திரம் இவற்றின் ஓட்டம். இரண்டுமே நொடிக்கு 100 கி.மீ.க்கு மேல் ஓடுகின்றன, அதுவும் ஒன்றுக்கொன்று கிட்டத்தட்ட நேர் எதிர்த் திசையில். ஓடிவந்த பாதைகளைப் பின்னோக்கி நீட்டினால் இரண்டும் ஓரியன் நெபுலா என்ற வாயு மேகம் இருக்கும் பகுதியில் வந்து சேர்கின்றன.

இதை முதலில் எழுதிக் காட்டிய வானியலாளர்கள் அட்ரியான் பிளாவும் வில்லியம் மார்கனும். ஆண்டு 1954. கையில் இருந்தவை அந்தக் காலத்துப் புகைப்படத் தகடுகளும் நிறமாலைகளும்தான். அவற்றை வைத்தே இரண்டு விண்மீன்களும் சுமார் 26 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு ஓரியனிலிருந்து ஒரே சமயத்தில் கிளம்பியிருக்க வேண்டும் என்று கணக்கிட்டார்கள். 70 ஆண்டுகளில் கருவிகள் அடையாளம் தெரியாமல் மாறிவிட்டன. அந்தக் கணக்கு பெரிதாக மாறவில்லை; இன்று சொல்லப்படுவது சுமார் 25 லட்சம் ஆண்டுகள்.

அன்று அங்கே என்ன நடந்தது என்பதுதான் இந்த ஆய்வின் பொருள். விண்மீன்கள் கொத்தாகப் பிறக்கின்றன என்பதும், அவற்றில் பெரும்பங்கு ஒன்றையொன்று சுற்றும் இரட்டையாகப் பிறக்கின்றன என்பதும் பாடநூல்களில் தனித்தனி அத்தியாயங்களாக வரும். ஓரியன் சம்பவத்தைத் தொடர்ந்து போனால் அந்தப் பிரிவு செல்லாது என்பது தெரியவரும். கொத்துதான் இரட்டைகளை உடைக்கிறது, இறுக்குகிறது, துணை மாற்றுகிறது. பதிலுக்கு அந்த இரட்டைகள் கொத்தின் தலைவிதியை மாற்றுகின்றன.

வாளும் அதன் அக்கம்பக்கமும்

தை மாத முன்னிரவில் கிழக்கு வானில் உயர்ந்து நிற்கும் ஓரியனை எல்லோருக்கும் தெரிந்திருக்கும். தலைப்பகுதி மிருகசீரிடம், தோளில் சிவந்து தெரிவது திருவாதிரை. இடுப்பில் வரிசையாக மூன்று விண்மீன்கள். அந்த இடைப்பட்டையிலிருந்து தொங்குவதுபோல் தெரியும் மங்கலான வரிசைதான் வாள். வாளின் நடுவில் புகைபோலத் தெரிவது ஓரியன் நெபுலா, நம்மிடமிருந்து சுமார் 1,300 ஒளியாண்டு தொலைவில். வாளின் தென்நுனியில், நெபுலாவிலிருந்து அரைப் பாகை தள்ளி, ஐயோட்டா ஓரியானிஸ் என்ற விண்மீன். இந்தப் பெயர் நினைவிருக்கட்டும்.

தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் பார்ப்பவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. ஏஇ ஆரிகே வான நடுக்கோட்டுக்கு 34 பாகை வடக்கே, மியூ கொலம்பே 32 பாகை தெற்கே. நம் அகலாங்குகளில் இரண்டுமே நன்றாக மேலே வரும். சம்பவம் நடந்த இடம், எறியப்பட்ட இரண்டு விண்மீன்கள் என மூன்றையும் ஒரே இரவில், ஒரே இடத்தில் நின்று பார்த்துவிடலாம்.

நெபுலாவின் நடுவில் நான்கு பிரகாசமான விண்மீன்கள் நெருக்கமாக இருக்கின்றன. டிரபீசியம் என்பது அவற்றின் பெயர். கலிலியோ 1617-இல் தன் தொலைநோக்கியால் அதில் மூன்றைப் பார்த்து வரைந்து வைத்தார். பின்னர் நான்காவது தெரிந்தது. ஆனால் நான்கு என்ற எண்ணிக்கையும் நிலைக்கவில்லை. 'ஏ' விண்மீன் 65 நாளுக்கு ஒருமுறை மங்குகிறது, அதாவது அதைச் சுற்றும் துணை அதை மறைக்கிறது. 'பி' ஆறரை நாளுக்கு ஒருமுறை மங்குகிறது. கூர்ந்து பார்த்ததில் அது ஐந்து விண்மீன்களாவது கொண்ட ஒரு குடும்பம். நெபுலா முழுவதையும் ஒளிரச் செய்யும் 'சி'யும் தனியாள் இல்லை. சூரியனைப் போல 30 மடங்குக்கு மேல் நிறையுள்ள அதற்கு, 11 ஆண்டுகளில் சுற்றிவரும் துணை ஒன்று இருப்பது 1990-களின் இறுதியில் தெரிந்தது.

இந்த நான்கைச் சுற்றி ஆயிரக்கணக்கான இளம் விண்மீன்கள். நெருக்கம் எவ்வளவு என்றால், கொத்தின் மையத்தில் ஒரு கன பார்செக் இடத்தில் 20,000 விண்மீன்கள் என்ற அளவு (ஒரு பார்செக் என்பது 3.26 ஒளியாண்டு). சூரியனின் அக்கம்பக்கத்தில் பத்து கன பார்செக்குக்கு ஒன்று தேறினால் அதிகம். இரண்டு லட்சம் மடங்கு வித்தியாசம். இந்த எண்ணை மனதில் வாங்கிக்கொள்ளாமல் மற்றதைப் புரிந்துகொள்வது கடினம். நம் பக்கத்தில் இரண்டு விண்மீன்கள் ஒன்றையொன்று உரசிப் போவது நடக்கவே நடக்காத காரியம். அங்கே அது எதிர்பார்க்கக்கூடிய சம்பவம்.

தனியாகப் பிறப்பது அரிது

விண்மீன் பிறக்கும் மூலக்கூறு மேகம் 10 கெல்வின் அளவுக்குக் குளிர்ந்தது. உள்ளே வாயு அமைதியாக இருப்பதில்லை. கொந்தளிப்பில் இழை இழையாகத் திரள்கிறது. இழைகளில் அடர்ந்த கருக்கள் உண்டாகின்றன. வாயுவின் அழுத்தத்தால் தாங்க முடியாத நிறை சேர்ந்ததும் கரு தன் ஈர்ப்பாலேயே உள்நோக்கிச் சரிகிறது. சரியும்போது அடர்த்தி கூடுகிறது. அடர்த்தி கூடக்கூடச் சரிவதற்குத் தேவைப்படும் குறைந்தபட்ச நிறை குறைகிறது. அதனால் ஒரே கரு பல துண்டாக உடைய வழி பிறக்கிறது. ஆயிரக்கணக்கான வானியல் அலகு இடைவெளியுள்ள அகலமான இரட்டைகள் இப்படித்தான் வருகின்றன (ஒரு வானியல் அலகு என்பது பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம்).

இன்னொரு வழி வட்டு. சரியும் வாயுவுக்குக் கொஞ்சமாவது சுழற்சி இருக்கும். அந்தக் கோண உந்தம் வாயுவை நேரே மையத்தில் விழவிடாது. சுற்றிலும் வட்டாகப் பரவச் செய்யும். வட்டு கனத்துப் போனால் அதுவே உடைந்து இன்னொரு விண்மீனாகும். இது வெறும் கணினிக் கதை என்ற சந்தேகம் வெகுநாள் இருந்தது. 2016-இல் ஜான் டோபின் குழு அல்மா தொலைநோக்கியால் பெர்சியஸ் மேகத்தில் எல்1448 ஐஆர்எஸ்3பி என்ற இடத்தைப் படமெடுத்தது. சுருள் கைகளோடு ஒரு வாயு வட்டு, அதற்குள் மூன்று கருவிண்மீன்கள். மையத்து இரண்டுக்கும் இடையே 61 வானியல் அலகு. மூன்றாவது 183 வானியல் அலகு தள்ளி, சுருள் கையின் மேலேயே. வட்டு உடைந்து துணை பிறப்பதைக் கையும் களவுமாகப் பிடித்த படம் என்றே அதைச் சொல்வேன்.

ஆக, துணையோடு பிறப்பது விதிவிலக்கு இல்லை. சூரியனைப் போன்ற விண்மீன்களில் 44 விழுக்காட்டுக்கு ஒரு துணையாவது உண்டு என்று 2010-இல் தீபக் ரகவன் குழு எண்ணிச் சொன்னது. 25 பார்செக்குக்குள் இருக்கும் 454 விண்மீன்களை அலசிய கணக்கு அது. நிறை கூடினால் இந்தப் பங்கும் கூடும். 2012-இல் ஹியூஸ் சானா குழு ஆறு இளம் கொத்துகளிலிருந்து 71 ஓ வகை விண்மீன்களை ஆராய்ந்து, அவற்றில் 70 விழுக்காட்டுக்கு மேல் தம் வாழ்நாளில் துணையோடு பொருள் பரிமாறும் அளவுக்கு நெருக்கமானவை என்று காட்டியது. கனமான விண்மீன் தனியாக இருந்தால்தான் ஏன் என்று கேட்க வேண்டும். ஏஇ ஆரிகேயும் மியூ கொலம்பேயும் தனியாக இருக்கின்றன.

இங்கே ஒரு சிக்கலையும் சொல்லிவிட வேண்டும். கருவும் வட்டும் உடைந்து கிடைக்கும் இரட்டைகள் அகலமானவை. ஒரு வானியல் அலகுக்கும் குறைவான இடைவெளியில் இரண்டு விண்மீன்கள் நேரடியாகப் பிறக்க முடியாது. சரிகிற வாயு முதலில் பந்தாகத் திரளும்போது அந்தப் பந்தே சில வானியல் அலகு ஆரம் கொண்டது. அப்படியானால் நெருக்கமான இரட்டைகள் பிறகுதான் நெருங்கியிருக்க வேண்டும். சுற்றியுள்ள வாயு இழுத்து நெருக்கியிருக்கலாம். இல்லை, மற்ற விண்மீன்களோடு நடந்த மோதல்கள் நெருக்கியிருக்கலாம். இங்கே மோதல் என்பது உடலோடு உடல் இடிப்பதன்று. ஈர்ப்பு பாதையைத் திருப்பிவிடும் அளவுக்கு அருகே வருவது.

இரண்டு விளக்கங்கள்

எறியப்பட்டது சரி, எறிந்தது எது? இரண்டு விளக்கங்கள் முன்வைக்கப்பட்டன.

முதலாவது, அதே அட்ரியான் பிளா 1961-இல் சொன்னது. நெருக்கமான இரட்டையில் கனமான விண்மீன் சூப்பர்நோவாவாக வெடிக்கிறது. மொத்த நிறையில் பாதிக்கு மேல் ஒரே வீச்சில் வெளியேறினால் மற்றதைப் பிடித்துவைக்க ஈர்ப்பு போதாது. சுற்றிக்கொண்டிருந்த வேகத்திலேயே அது நேர்கோட்டில் கிளம்பிவிடும். அருமையான யோசனை, பல விண்மீன்களுக்குப் பொருந்தவும் செய்கிறது. ஜீட்டா ஓபியூக்கி என்ற ஓடும் விண்மீனுக்கு இன்றும் இந்த விளக்கமே முன்னிற்கிறது.

இரண்டாவது மெக்சிகோவின் ஆர்காடியோ பொவேடாவும் சகாக்களும் 1967-இல் சொன்னது. வெடிப்பே தேவையில்லை. இளம் கொத்தின் மையத்தில் கனமான சில விண்மீன்கள் நெருங்கி வந்தால் போதும். ஈர்ப்பு விளையாட்டிலேயே ஒன்றிரண்டு வெளியே வீசப்படும்.

ஓரியன் சம்பவத்தில் முதல் விளக்கம் எடுபடவில்லை. ஒரு வெடிப்பு ஒரு துணையைத்தான் விடுவிக்கும். இங்கே ஒரே ரகத்தில் இரண்டு, ஒரே நேரத்தில், சம வேகத்தில், நேர் எதிர்த் திசையில் போயிருக்கின்றன. வெடிப்பை வைத்து இதைச் சொல்ல வேண்டுமானால் பல தற்செயல்களைக் கூப்பிட வேண்டியிருக்கும்.

1986-இல் டக்ளஸ் கீஸும் டாம் போல்டனும் ஓடும் விண்மீன்கள் பலவற்றின் நிறமாலைகளைத் தொடர்ந்து எடுத்துப் பார்த்தார்கள். வெடிப்பில் எஞ்சிய நியூட்ரான் விண்மீன் துணையாக ஒட்டிக்கொண்டு வரலாம் என்ற எதிர்பார்ப்பு இருந்தது. அதற்கான தடயம் கிடைக்கவில்லை. அந்தக் கட்டுரையில்தான் மூன்றாவது பெயர் இந்தக் கதைக்குள் வந்தது. ஐயோட்டா ஓரியானிஸ்.

ஐயோட்டா ஓரியானிஸ் ஓர் இரட்டை. இரண்டுமே சூடான, கனமான விண்மீன்கள். ஒன்று சூரியனைப் போல 23 மடங்கு, மற்றது பதின்மூன்றரை மடங்கு. 29 நாளுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றுகின்றன. பாதைதான் வியப்பு. இவ்வளவு நெருக்கமான இரட்டைகளில் பாதை வட்டத்துக்கு நெருங்கியிருப்பதே வழக்கம். இங்கே அது நன்றாக நீண்ட நீள்வட்டம், மையப்பிறழ்ச்சி 0.76 (வட்டத்துக்கு இது 0). மிகத் தள்ளிப் போகும்போது பூமி–சூரியன் தூரத்தைவிடச் சற்று அதிக இடைவெளி. நெருங்கும்போது அதில் ஏழில் ஒரு பங்குதான், புதன் கோளின் தூரத்தில் பாதிகூட இல்லை. நெருங்கும் ஒவ்வொரு முறையும் இரண்டும் ஒன்றையொன்று ஓதம்போல் இழுத்து உருக்குலைக்கின்றன. வெளிச்சம் ஒரு விழுக்காடு அளவுக்கு ஏறி இறங்குகிறது. பிரைட் என்ற சிறு செயற்கைக்கோள்கள் இந்தத் துடிப்பைப் பதிவுசெய்தன; முடிவு 2017-இல் வெளியானது. இதயத் துடிப்பின் வரைபடம் போலத் தெரிவதால் இவற்றுக்கு இதயத்துடிப்பு விண்மீன்கள் என்றே பெயர். அதுவரை அறியப்பட்டவற்றில் நிறை மிகுந்தது இதுதான்.

சேர்ந்து பிறந்து, அமைதியாக வளர்ந்த ஜோடி இப்படி இருக்காது. அதைவிட வலுவான தடயம் வயது. 2001-இல் வில்லியம் பாக்னூலோ குழு இந்த ஜோடியின் நிறமாலைகளைப் பிரித்து ஆராய்ந்து, இரண்டின் வயதும் ஒத்துப்போகவில்லை என்று சொன்னது. ஒன்று மற்றதைவிட மூத்தது. அதாவது இவை பிறவி ஜோடி இல்லை.

கணக்கு

இரண்டு இரட்டைகள் மோதின என்று வைத்துக்கொள்வோம். நான்கு விண்மீன்கள். முடிவில் இரண்டு எதிரெதிராக ஓடிவிட்டன. மிச்சம் இரண்டும் ஒரு ஜோடியாகிவிட்டன. இது இயற்பியலுக்கு அடங்குமா? சம நிறை, சம வேகம், எதிர்த் திசை என்றால் உந்தம் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். மிஞ்சிய ஜோடி பெரிதாக நகரக் கூடாது. ஐயோட்டா ஓரியானிஸ் நொடிக்கு சுமார் 10 கி.மீ. வேகத்தில்தான் போகிறது, அதுவும் மற்ற இரண்டின் பாதைக்குக் கிட்டத்தட்டச் செங்குத்தாக. உந்தக் கணக்கு பொருந்துகிறது.

ஆற்றல்? 16 சூரிய நிறையுள்ள விண்மீன் நொடிக்கு 100 கி.மீ. ஓடினால் அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 1.6-ஐ 10-இன் 41-ஆம் அடுக்கால் பெருக்கினால் வரும் ஜூல்கள். இரண்டுக்கும் சேர்த்து அதே அலகில் 3.2. சூரியன் தன் மொத்த ஒளியையும் கொட்டி இவ்வளவு ஆற்றலை வெளியிட இரண்டரைக் கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகும். இந்த ஆற்றலுக்கு ஒரே ஒரு மூலம்தான் இருக்க முடியும்: மிஞ்சிய ஜோடி இறுகியபோது விடுவித்த ஈர்ப்பு ஆற்றல். ஐயோட்டா ஓரியானிஸின் நிறைகளையும் 0.6 வானியல் அலகு என்ற சராசரி இடைவெளியையும் வைத்துப் பிணைப்பு ஆற்றலை, அதாவது ஜோடியைப் பிரித்தெடுக்க வேண்டிய ஆற்றலை, கணக்கிட்டால், அதே அலகில் 4.5 வருகிறது.

செலவு 3.2, வரவு 4.5. தூரம், நிறை, வேகம் என மூன்று தனித்தனி அளவீடுகளிலிருந்து வரும் எண்கள் இவ்வளவு கிட்டே வந்து நிற்பது எனக்கு இந்தச் சம்பவத்திலேயே மிகவும் பிடித்த இடம். மீதி 1.3-க்கும் வேலை உண்டு. மோதலுக்கு முன் இருந்த இரண்டு ஜோடிகளின் பிணைப்பு ஆற்றல் அது. அதிலிருந்து பின்னோக்கிப் போனால் அந்த ஜோடிகள் சில வானியல் அலகிலிருந்து பத்து வானியல் அலகு வரை அகலமானவை என்று கிடைக்கும். தோராயக் கணக்குதான், வேகத்தைச் சற்றே கூட்டினால் அகலம் மாறும். ஆனால் அந்த அகலத்தில், அந்த நிறையில் இரண்டு விண்மீன்கள் சுற்றும் வேகமே நொடிக்கு 100 கி.மீ.யை ஒட்டியது. எறியப்பட்ட வேகம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு அதிலேயே பதில் இருக்கிறது.

அளவீடுகள் துல்லியமான பிறகு பாதைகளைச் சரியாகப் பின்னோக்கி ஓட்டிப் பார்க்க முடிந்தது. ஹிப்பார்க்கஸ் விண்கலத்தின் தரவுகளைக் கொண்டு லைடன் பல்கலைக்கழகத்தின் ரொனி ஹோகர்வெர்ஃப், யோஸ் டி புரூய்னே, டிம் டி ஸீவ் மூவரும் 2000, 2001-இல் இதைச் செய்தார்கள். அளவீட்டில் பிழை இருக்கும் என்பதால், பிழையின் எல்லைக்குள் தொடக்க எண்களை மாற்றி மாற்றி, பால்வழியின் ஈர்ப்பையும் சேர்த்து, மிகப் பல முறை ஓட்டினார்கள். சுமார் 25 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு ஏஇ ஆரிகே, மியூ கொலம்பே, ஐயோட்டா ஓரியானிஸ் மூன்றும் ஒரே சிறு இடத்தில் கூடுவது வந்தது. பிறகு 2004-இல் அலெசியா குவாலாண்ட்ரிஸ், சைமன் போர்ட்டகீஸ் ஸ்வார்ட், பீட்டர் எகில்டன் மூவரும் மோதலையே கணினியில் நடத்திப் பார்த்தார்கள். பிணைப்பு ஆற்றலில் ஏறத்தாழ சமமான இரண்டு இரட்டைகள் சந்திக்கின்றன. ஒன்றின் விண்மீன் மற்றதற்குள் நுழைகிறது. அகலமான ஜோடி முற்றிலும் உடைகிறது. இந்த வழிதான் அவதானிப்புகளோடு மிக நன்றாக ஒத்துப்போனது. வயது வித்தியாசத்துக்கும் இதில் இடம் கிடைத்தது: மூத்த விண்மீன் ஒன்று இளைய ஜோடிக்குள் மாற்றாக வந்து சேர்ந்திருக்கிறது.

எந்த ஜோடி உடையும், எது இறுகும் என்பதற்குப் பொது விதி உண்டு. 1975-இல் டக்ளஸ் ஹெகியும் ஜாக் ஹில்ஸும் தனித்தனியே அந்த முடிவுக்கு வந்தார்கள். தேர்த்திருவிழாக் கூட்டத்தில் கையை இறுகப் பற்றியவர்கள் நெரிசல் கூடக்கூட இன்னும் ஒட்டிக்கொள்வார்கள். விரல்நுனியைத் தொட்டுக்கொண்டு வந்தவர்களைக் கூட்டம் பிரித்துவிடும். இறுக்கமான இரட்டை ஒவ்வொரு மோதலிலும் ஆற்றலை வெளியே கொடுத்துவிட்டு மேலும் இறுகும்; தளர்ந்த இரட்டை ஆற்றலை வாங்கி மேலும் தளரும், கடைசியில் உடையும். ஓரியன் கொத்தில் இதன் தழும்பு தெரிகிறது. 2007-இல் போ ரைபூர்த் குழு ஹப்பிள் படங்களில் 78 இரட்டைகளை அடையாளம் கண்டது. டாரஸ் போன்ற நெரிசல் குறைந்த பிறப்பிடங்களோடு ஒப்பிட்டால், அந்தப் படங்களில் பிரிந்து தெரியும் அகல வரம்பில் ஓரியனின் இரட்டைப் பங்கு பாதியளவுதான். கொத்தின் மையத்தை நெருங்கினால் அகலமான ஜோடிகள் இன்னும் குறைகின்றன. பிறக்கும்போது இரண்டு இடங்களும் ஒரே மாதிரிதான் இருந்திருக்கும், ஓரியனில் நெரிசல் பலவற்றைப் பிரித்துவிட்டது என்பதே இதற்குப் பொருத்தமான வாசிப்பு.

ஏஇ ஆரிகேக்கு அப்புறம் என்ன ஆனது? 25 லட்சம் ஆண்டில் 800 ஒளியாண்டுக்கு மேல் ஓடிவிட்டது. இப்போது ஐசி 405 என்ற நெபுலாவுக்குள் இருக்கிறது. அழகான படங்களுக்குப் பேர்போன அந்த நெபுலாவில் அது பிறக்கவில்லை. வழியில் எதிர்ப்பட்ட வாயுவைத் தன் ஒளியால் சுடரவைத்துக்கொண்டு கடந்துபோகிறது. அகச்சிவப்பில் பார்த்தால் அதன் முன்னே வில்போல வளைந்த அதிர்வலையும் தெரிகிறது.

அதே மேகத்தில் இன்னொரு சம்பவம்

25 லட்சம் ஆண்டு என்பது நீண்ட காலம். ஒரே ஓர் எடுத்துக்காட்டை வைத்துப் பொதுவிதி பேசலாமா என்று கேட்பது நியாயம். இதே மேகத்தில், டிரபீசியத்துக்குச் சற்றே பின்னால், மிகப் புதிய சம்பவம் ஒன்று கிடைத்திருக்கிறது.

1967-இல் எரிக் பெக்லினும் ஜெரி நொய்கெபாவரும் அகச்சிவப்பில் நெபுலாவை அலசும்போது, கண்ணுக்குத் தெரியும் ஒளியில் இல்லவே இல்லாத பிரகாசமான பொருள் ஒன்றைக் கண்டார்கள். தூசுக்குள் புதைந்த இளம் விண்மீன் அது. இன்று அவர்கள் பெயரின் முதலெழுத்துகளால் பிஎன் எனப்படுகிறது. பல ஆண்டு இடைவெளியில் எடுத்த ரேடியோ படங்களை ஒப்பிட்டு, பிஎன்னும் அருகிலிருக்கும் 'சோர்ஸ் ஐ' என்ற பொருளும் ஒன்றையொன்று விட்டு விலகுவதை லூயிஸ் ரொட்ரீகெஸ் குழு 2005-இல் காட்டியது. பின்னோக்கி ஓட்டினால் இரண்டும் சுமார் 500 ஆண்டுகளுக்கு முன் ஒரே இடத்தில் இருந்திருக்கின்றன. இந்த ஒளி கிளம்பி 1,300 ஆண்டு ஆகிறது என்பது வேறு விஷயம். நாம் பார்க்கும் காட்சியில் அது 500 ஆண்டுப் பழைய சம்பவம்.

இரண்டு மட்டும் என்றால் உந்தக் கணக்கு இடித்தது. 2017-இல் கெவின் லூமன் குழு ஹப்பிள் படங்களை ஒப்பிட்டு மூன்றாவதைக் கண்டுபிடித்தது: 'சோர்ஸ் எக்ஸ்', நொடிக்கு 55 கி.மீ. வேகத்தில் அதே இடத்திலிருந்து வேறொரு திசையில் ஓடிக்கொண்டிருக்கிறது. வெளியே பாயும் இந்த ஆற்றலுக்கு ஈடாக ஏதோ இறுகியிருக்க வேண்டும். சோர்ஸ் ஐ இன்று மிக இறுக்கமான இரட்டையாக இருக்கலாம், அல்லது இரண்டு விண்மீன்கள் ஒன்றாகக் கலந்தே போயிருக்கலாம்.

இங்கே சாட்சியாக வாயுவும் இருக்கிறது. அந்த இடத்திலிருந்து எல்லாத் திசையிலும் வாயு விரல் விரலாகப் பீய்ச்சியடித்திருக்கிறது. நூற்றுக்கும் மேற்பட்ட கீற்றுகள், சில நொடிக்கு 300 கி.மீ. வேகத்தை எட்டுபவை. ஜான் பாலி குழு 2017-இல் வெளியிட்ட அல்மா படம் வாணவேடிக்கையின் நடுக்கட்டம்போல இருக்கும். கீற்றுகளின் வயதும் அதே 500 ஆண்டு. ஐயோட்டா ஓரியானிஸ் சம்பவத்திலும் வாயு சிதறியிருக்கக்கூடும். இவ்வளவு காலத்தில் அது கரைந்துபோயிருக்கும்.

இந்த இரண்டாவது சம்பவம் ஒன்றை உறுதிப்படுத்துகிறது. விண்மீன்கள் பிறந்து முடிந்து, வாயு விலகி, பிறகு சாவகாசமாக மோதுவதில்லை. வாயு மூடிய கருவறைக்குள்ளேயே இந்த எறிதல் நடக்கிறது. பிறப்பும் எறிதலும் ஒரே காலத்து வேலைகள்.

எந்தக் கொத்து?

மோதல் நடந்தது, இரண்டு இரட்டைகளுக்கிடையே நடந்தது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அது எந்தக் கொத்தில் நடந்தது என்பதில்தான் விவகாரம். லைடன் குழு டிரபீசியம் கொத்தைக் காட்டியது. ஆனால் டிரபீசியத்தின் கனமான விண்மீன்கள் மிகவும் இளையவை. அங்குள்ள விண்மீன்களில் பெரும்பாலானவற்றுக்கு 10 முதல் 30 லட்சம் ஆண்டுக்குள்தான் வயது. 25 லட்சம் ஆண்டுக்கு முன்பே அங்கே முழுதாக வளர்ந்த நான்கு கனமான விண்மீன்கள் மோதிக்கொண்டன என்றால் காலம் மிக நெருக்கடியாக இருக்கிறது.

2012-இல் ஜோவாவ் அல்வெஸும் எர்வே பூயும் வேறொரு வழியைத் திறந்தார்கள். ஐயோட்டா ஓரியானிஸைச் சுற்றியுள்ள என்ஜிசி 1980 தனியொரு கொத்து, வயது 40 முதல் 50 லட்சம் ஆண்டு, ஓரியன் நெபுலாவுக்கு முன்னால் நிற்கிறது என்பது அவர்கள் வாதம். அப்படியானால் தாய்க் கொத்து அதுவாக இருக்கலாம். வயது நெருக்கடி தீர்ந்துவிடும். அந்தக் கொத்து அவ்வளவு முன்னால் இல்லை, அவ்வளவு மூத்ததும் இல்லை என்று பின்னால் வந்த ஆய்வுகள் மறுத்தன. இன்றும் முடிவாகாத வழக்கு.

2017-இல் ஜக்கோமோ பெக்காரி குழு இதில் இன்னொரு முடிச்சைப் போட்டது. ஓரியன் கொத்தின் இளம் விண்மீன்களை நிறம், பிரகாசம் என்று வரைபடத்தில் இட்டபோது ஒரே கோடாக வராமல் மூன்று இணைகோடுகளாக வந்தன. மூன்று முறை விண்மீன் பிறப்பு நடந்திருக்கிறது, ஏறத்தாழ 29, 19, 12 லட்சம் ஆண்டுக்கு முன்பு என்று அவர்கள் வாசித்தார்கள். இதிலும் இரட்டைகளின் குறுக்கீடு உண்டு. பிரித்துப் பார்க்க முடியாத இரண்டு சம விண்மீன்கள் ஒரே புள்ளியாகத் தெரியும்போது இரு மடங்கு ஒளிரும். இளம் விண்மீன் வயது ஏறும்போது மங்குவதால், அந்த ஜோடி இளைய விண்மீன்போலத் தோன்றும். கோடுகளில் எவ்வளவு நிஜ வயது, எவ்வளவு மறைந்திருக்கும் துணை என்பதை ஆய்வாளர்களே கவனமாகப் பிரித்துப் பார்க்க வேண்டியிருந்தது.

மூன்று பிறப்பு அலைகள் உண்மை என்றால், நடுவே பிறப்பு ஏன் நின்றது, மறுபடி ஏன் தொடங்கியது? பாவல் குரோப்பா குழு 2018-இல் தந்த விடையை இந்த முழு வரலாற்றின் முக்கியமான யோசனையாக நினைக்கிறேன். முதல் அலையில் பிறந்த ஓ வகை விண்மீன்கள் தம் புறஊதாக் கதிர்களால் உள்ளே வரும் வாயுவை அயனியாக்கி நிறுத்திவிடுகின்றன. பிறப்பு நிற்கிறது. ஆனால் இந்தக் கனமான விண்மீன்களே மையத்தில் மோதி ஒன்றையொன்று கொத்திலிருந்து எறிந்துவிடுகின்றன. கதிர் வீசுபவை போனதும் வாயு மறுபடி உள்ளே வழிகிறது. அடுத்த அலை பிறக்கிறது. இந்தக் கணக்கில் ஏஇ ஆரிகேயும் மியூ கொலம்பேயும் வெளியேறியது ஓரியன் கொத்தின் வளர்ச்சியில் ஒரு கட்டத்தை முடித்துவைத்த நிகழ்வு. அவை போகாமல் இருந்திருந்தால் இன்று நாம் பார்க்கும் டிரபீசியம் பிறந்திருக்குமா என்றே கேட்கத் தோன்றுகிறது. இது இன்னும் கருதுகோள்தான், நிறுவப்பட்ட முடிவில்லை. ஆனாலும் சோதித்துப் பார்க்கக்கூடிய கருதுகோள்.

சோதனைக்கு வேண்டியவை என்னென்ன என்பதும் தெளிவு. கையா விண்கலம் ஏஇ ஆரிகே, மியூ கொலம்பே இரண்டின் தூரத்தையும் நகர்வையும் ஹிப்பார்க்கஸைவிட நன்றாக அளந்துவிட்டது. சிக்கல் ஐயோட்டா ஓரியானிஸிடம் இருக்கிறது. அது மிகப் பிரகாசமானது. கையாவின் உணரிகள் மங்கலான விண்மீன்களுக்காகச் செய்யப்பட்டவை, இவ்வளவு ஒளியில் அவற்றின் துல்லியம் குறைந்துவிடும். போதாக்குறைக்கு அதன் 29 நாள் சுற்று, வான நகர்வோடு கலந்து தெரியும். மூன்றில் ஒன்றின் எண் தெளிவாக இல்லாதவரை சந்தித்த இடத்தைச் சில ஒளியாண்டு துல்லியத்தில் சொல்ல முடியாது. டிரபீசியத்துக்கும் என்ஜிசி 1980-க்கும் வானத்தில் தெரியும் இடைவெளியோ சுமார் 12 ஒளியாண்டுதான். ஐயோட்டா ஓரியானிஸின் தூரமும் நகர்வும் வேறு வழியில், உதாரணமாக அதே கொத்தின் மங்கலான உறுப்பினர்களை அளந்து, சரியாகக் கிடைத்தால் தாய்க் கொத்து எது என்ற கேள்விக்கு விடை சொல்லிவிடலாம். எறியப்பட்ட சிறு நிறை விண்மீன்களைத் தேடும் வேலையும் கையா தரவுகளில் நடக்கிறது. ஓரியனை விட்டு வெளியே ஓடும் இளம் விண்மீன்கள் சில ஏற்கெனவே கிடைத்திருக்கின்றன. ஒவ்வொன்றும் கிளம்பிய காலத்தை வரிசைப்படுத்தினால், மூன்று அலைகளின் இடைவெளிகளில் அவை திரள்கின்றனவா என்று பார்க்கலாம்.